தனித்தியங்கும் இணைய எழுத்து

தனித்தியங்கும் இணைய எழுத்து என்பது நாளிதழ், பதிப்பகம், பல்கலைக்கழகம் முதலிய நிறுவனங்களின் ஆசிரியர் குழுவைச் சாராது, தனி ஒருவரோ ஒரு சிறு குழுவினரோ தாம் தேர்ந்துகொண்ட பொருளைப் பற்றி எழுதித் தாமே இணையத்தில் வெளியிடும் எழுத்தைக் குறிக்கும். தனியாள் இணையத்தளம், வலைப்பதிவு, மின்னஞ்சல் மடல் ஆகியவை இதன் முதன்மையான வடிவங்கள் ஆகும். இவ்வெழுத்தின் குறிப்பிடத்தக்க இயல்பு அதன் பொருட்பரப்பு ஆகும். சமையல், கணிதம், போர்க்கால நாட்குறிப்பு, நீதிமன்றத் தீர்ப்புகள், நிறுத்தக்குறிகளின் வரலாறு, டைனோசர்களின் முள்ளெலும்புகள் எனப் பெரிதும் வேறுபட்ட பொருள்கள் இதில் விரிவாக எழுதப்பட்டுள்ளன.

இப்பரப்பு அகன்றிருப்பதற்கும், இவ்வெழுத்து எளிதில் அழிவுக்கும் தாக்குதலுக்கும் உள்ளாவதற்கும் அடிப்படைக் காரணம் ஒன்றே. எழுதுபவருக்கும் வாசகருக்கும் இடையில் ஒரு வெளியீட்டு நிறுவனம் இல்லை. ஆகையால், வாசகர் குறைவு என்று கூறி ஒரு பொருளை மறுப்பவர் எவரும் இல்லை. அதே வேளையில் ஊதியம் தருவதற்கும், பிழை திருத்துவதற்கும், வழக்கு வந்தால் துணை நிற்பதற்கும், எழுதியதைப் பேணிக் காப்பதற்கும் எவரும் இல்லை.

பொருட்பரப்பு விரியக் காரணங்கள்

அச்சு ஊடகத்தில் ஒரு பொருள் இடம்பெற வேண்டுமாயின் அது இரண்டு தடைகளைக் கடக்க வேண்டும். முதலாவது செலவு. ஒரு நூலின் படிகள் எத்தனை விற்றாலும் அதன் அச்சுக்கோப்புச் செலவு மாறுவதில்லை. எனவே குறைந்தது சில நூறு படிகளாவது விற்கும் என்ற உறுதி இல்லாத பொருளைப் பதிப்பாளர் ஏற்கத் தயங்குவார். இரண்டாவது இடம். நாளிதழின் பக்கங்கள் வரம்புக்கு உட்பட்டவை; ஒரு கட்டுரையைச் சேர்த்தால் வேறொன்றை நீக்க வேண்டும்.

இணையத்தில் இவ்விரு தடைகளும் ஏறத்தாழ இல்லாமற் போயின. ஒரு பக்கத்தைப் பத்துப் பேர் படித்தாலும் பத்தாயிரம் பேர் படித்தாலும் எழுதுபவரின் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. இவற்றோடு பின்வரும் காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன.

- சிதறிய வாசகர்: ஓர் ஊரில் ஒருவர்கூட ஆர்வம் காட்டாத பொருளுக்கும் உலகம் முழுவதிலும் சேர்த்துச் சில நூறு வாசகர் இருக்கக்கூடும். அவர்களை ஓரிடத்தில் சேர்ப்பது அச்சில் கடினம், இணையத்தில் எளிது.
- தேடுபொறி: நாளிதழ்க் கட்டுரையின் வாழ்நாள் பெரும்பாலும் ஒரு நாள். இணையக் கட்டுரையோ, எழுதப்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும், அது தேவைப்படும் ஒருவரால் தேடிக் கண்டடையப்படலாம்.
- துறையினரே எழுதுதல்: செய்தியாளர் ஒருவர் துறை வல்லுநரைக் கேட்டு எழுதுவதற்கு மாறாக, வல்லுநரே எழுத இயலுகிறது. வாசகருக்குப் புரியாது என்று கைவிடப்படும் நுணுக்கங்களையும் அவர் எழுதலாம்.
- கால, நீள வரையறை இன்மை: ஒரே பொருளைப் பல ஆண்டுகள் தொடரலாம்; ஒரு கட்டுரை இரண்டு வரியாகவோ நூறு பக்கமாகவோ இருக்கலாம்.

குறைந்த அளவில் வேண்டப்படும் எண்ணற்ற பொருள்கள் ஒன்றுசேர்ந்து பெரியதொரு பரப்பாக அமைவதை இதழாளர் கிறிஸ் ஆண்டர்சன் 2004இல் "நீண்ட வால்" என்ற உருவகத்தால் விளக்கினார். ஆயினும், பொருட்கள் பலவாக இருப்பதால் வாசகரும் சமமாகப் பரவியிருப்பர் என்று கொள்ளுதல் கூடாது. தேர்வுச் சுதந்திரம் மிகுதியாக உள்ள இடத்திலும் ஒரு சிலரே வாசகரில் பெரும்பகுதியினரைப் பெறுவர் என்பதைக் கிளே சிர்க்கி என்பவர் 2003இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார். அதாவது, எழுதும் வாய்ப்பு பலருக்கும் உண்டு. படிக்கப்படும் வாய்ப்பு அவ்வாறு இல்லை.

வரலாறு

தனியொருவர் தமக்குத் தோன்றிய பொருளையெல்லாம் எழுதும் வழக்கம் இணையத்துக்கு முற்பட்டது. பிரான்சைச் சேர்ந்த மிஷெல் டி மொன்டேய்ன் 1580இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பு ஒரு முன்னோடி ஆகும். மணங்கள், கட்டைவிரல்கள், நரமாமிசம் உண்போர் எனப் பல பொருள்களை அவர் கட்டுரைகளாக எழுதினார். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் துண்டு நூல்கள் இதே பணியைச் செய்தன. நூல்கள் அச்சாகுமுன் உரிமம் பெற வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துக் கவிஞர் ஜான் மில்டன் 1644இல் எழுதிய "ஏரியோபாசிடிகா" என்னும் துண்டு நூல் உரிமம் பெறாமலே வெளியானது. தமிழில் 20ஆம் நூற்றாண்டின் சிற்றிதழ்கள் இம்மரபோடு ஒப்பிடத்தக்கவை. சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய "எழுத்து" இதழ், வணிக இதழ்கள் இடம் தராத புதுக்கவிதைக்கும் இலக்கியத் திறனாய்வுக்கும் களமாக அமைந்தது.

உலகளாவிய வலையின் தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று சேர்ன் ஆய்வகம் 1993 ஏப்ரலில் அறிவித்தது. அமெரிக்காவில் கல்லூரி மாணவராக இருந்த ஜஸ்டின் ஹால் 1994இல் தம் வாழ்க்கையைப் பற்றித் தம் தளத்தில் எழுதத் தொடங்கினார். தொடர்ந்து இற்றைப்படுத்தப்படும் இத்தகைய பக்கங்களுக்கு வலைக்குறிப்பேடு என்ற பொருள்தரும் ஆங்கிலப் பெயரை 1997 டிசம்பரில் ஜோர்ன் பார்கர் சூட்டினார். 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அச்சொல்லை விளையாட்டாகப் பிரித்து எழுதியதிலிருந்து "பிளாக்" என்ற குறுவடிவம் பிறந்தது.

தொடக்கத்தில் மீயுரைக் குறிமொழி அறிந்தோர் மட்டுமே எழுத முடிந்தது. 1999இல் லைவ்ஜர்னல், பிளாகர் ஆகிய சேவைகளும், 2003இல் வேர்ட்பிரஸ் மென்பொருளும் வந்தபின் இத்தடை நீங்கியது. கணினியைத் தொழிலாகக் கொள்ளாத சமையற்காரர், வழக்கறிஞர், ஆசிரியர், மருத்துவர் ஆகியோர் எழுத வந்ததும் பொருட்பரப்பு விரைவாக விரிந்தது. 2017இல் தொடங்கப்பட்ட சப்ஸ்டாக் போன்ற சேவைகள் மின்னஞ்சல் மடல் வழியாக வாசகரிடம் நேரடியாகச் சந்தா பெறும் முறையைப் பரவலாக்கின.

எழுதப்படும் பொருள்கள்

அறிவியலும் கணிதமும்

ஒரு குறுகிய பொருளைப் பல ஆண்டுகள் ஆராய முடியும் என்பதற்கு, சோரோபோடு எனப்படும் நெடுங்கழுத்து டைனோசர்களின் முள்ளெலும்புகளுக்கென்றே 2007இல் தொடங்கப்பட்ட ஆங்கிலத் தளம் நல்ல எடுத்துக்காட்டு. வாரம் ஒரு முள்ளெலும்பின் படம் என்பது அதன் தொடக்க நோக்கம். அதனை நடத்திய மூவருள் ஒருவரான மைக் டெய்லர் கணினி நிரலாளராகப் பணிபுரிந்தவர். புதிய டைனோசர் இனம் ஒன்றை 2007இல் விவரித்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் இருவருள் அவரும் ஒருவர்.

கணிதத்தில், ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற டிமோதி கவர்ஸ் 2009இல் தம் வலைப்பதிவில் ஒரு தீர்க்கப்படாத கணக்கை முன்வைத்து, எவரும் கலந்துகொண்டு தீர்க்க முயலலாம் என அழைத்தார். "பாலிமேத்" எனப்பட்ட இம்முயற்சி சில வாரங்களில் பயன் தந்தது. 2013இல் யீடாங் ஜாங், இடைவெளி 7 கோடிக்கு மிகாத பகா எண் இணைகள் முடிவின்றி உள்ளன என்று நிறுவினார். டெரன்ஸ் டாவோவின் வலைப்பதிவில் நடந்த மற்றொரு பாலிமேத் முயற்சி இவ்வெல்லையை முதலில் 4,680 ஆகக் குறைத்தது. பின்னர் ஜேம்ஸ் மேனார்டு கண்ட புதிய முறையையும் இணைத்து அதை 246 வரை குறைத்தது. ஆய்விதழில் முடிவு மட்டுமே வெளியாகும். இங்கு தவறிய முயற்சிகளும் இடைநிலைக் கணக்கீடுகளும் மாணவர்கள் காணும்படி பதிவாயின.

ஆய்வுகளைச் சரிபார்ப்பதும் இத்துறையில் ஒரு பொருளாக வளர்ந்தது. 2010 டிசம்பரில், பாசுபரசுக்குப் பதிலாக ஆர்செனிக்கைக் கொண்டு வளரும் நுண்ணுயிர் ஒன்றைப் பற்றிய கட்டுரை "சயன்ஸ்" இதழில் வெளியானது. கனடாவின் நுண்ணுயிரியலாளர் ரோசி ரெட்ஃபீல்டு சில நாட்களிலேயே அதன் செய்முறைக் குறைகளைத் தம் வலைப்பதிவில் விளக்கினார். பின் தாமே சோதனை செய்து, அவ்வுயிரின் மரபுப்பொருளில் ஆர்செனிக் காணப்படவில்லை என்ற முடிவை 2012இல் அதே இதழில் வெளியிட்டார். மூலக் கட்டுரை 2025இல் இதழால் திரும்பப் பெறப்பட்டது. இவ்வாறு திரும்பப் பெறப்படும் ஆய்வுக் கட்டுரைகளை மட்டுமே கண்காணிக்கும் "ரிட்ராக்சன் வாட்ச்" என்னும் தளத்தை இவான் ஒரான்ஸ்கி, ஆடம் மார்கஸ் ஆகியோர் 2010இல் தொடங்கினர்.

மொழியும் எழுத்தும்

மார்க் லைபர்மன், ஜெஃப்ரி புல்லம் ஆகிய மொழியியலாளர் 2003இல் தொடங்கிய "லாங்குவேஜ் லாக்" அன்றாட ஆங்கில வழக்குகளை மொழியியல் நோக்கில் ஆராய்கிறது. ஒரு சொல்லை அதன் ஒலியை ஒத்த, ஓரளவு பொருள்படும் வேறு சொற்களாகப் பிறழ உணர்ந்து வழங்குவதற்கு ஆங்கிலத்தில் பெயர் இல்லாதிருந்தது. ஓக் மரக்கொட்டையைக் குறிக்கும் "ஏகார்ன்" என்ற சொல்லை ஒருவர் "எக்கார்ன்" என எழுதியதைச் சுட்டி, அப்பிறழ்ச்சியையே இவ்வகைக்குப் பெயராக வைக்கலாம் எனப் புல்லம் முன்மொழிந்தார். அப்பெயர் பின்னர் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் இடம்பெற்றது. கீத் ஹூஸ்டன் 2011இல் தொடங்கிய தளம் பத்திக்குறி, நட்சத்திரக்குறி முதலிய குறிகளின் வரலாற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. 2013இல் நூலாகவும் வந்தது.

சட்டமும் பொருளாதாரமும்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வழக்குகளை மட்டுமே விளக்கும் தளம் ஒன்றை வழக்கறிஞர்களான டாம் கோல்ட்ஸ்டீன், ஏமி ஹௌ இணையர் 2002இல் தொடங்கினர். 2012 சூன் 28 அன்று நலக்காப்புச் சட்டத் தீர்ப்பு வெளியானபோது, இரண்டு பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் தீர்ப்பின் முற்பகுதியை மட்டும் படித்துவிட்டுச் சட்டத்தின் முக்கியக் கூறு செல்லாததாகிவிட்டது எனத் தவறாக அறிவித்தன. இத்தளமோ சட்டம் நிலைபெற்றது எனச் சரியாக வெளியிட்டது. நீண்ட தீர்ப்பில் எப்பகுதியைத் தேடிப் படிக்க வேண்டும் என்பதை அறிந்திருந்ததே வேறுபாட்டுக்குக் காரணம் ஆகும்.

பில் மக்பிரைடு 2005இல் தொடங்கிய "கால்குலேட்டட் ரிஸ்க்" அமெரிக்க வீட்டுச் சந்தையின் தரவுகளைத் தொடர்ந்து ஆராய்ந்து, அச்சந்தை மிகையாக வீங்கியிருப்பதை எச்சரித்தது. அதில் "டான்டா" என்ற புனைபெயரில் எழுதிய பெண், ஈட்டுக்கடன் துறையில் நீண்ட பட்டறிவு உடையவர். ஒரு வீட்டுக் கடன் எவ்வாறு கைமாறுகிறது, கடன்பத்திரமாக எவ்வாறு உருமாறுகிறது, தவணை தவறினால் யாருக்கு நட்டம் என்பவற்றைப் படிப்படியாக விளக்கினார். 2008இல் நெருக்கடி முற்றியபோது பொருளியலாளர்களும் அவற்றை மேற்கோளாகக் காட்டினர். அவர் 2008 நவம்பரில் புற்றுநோயால் இறந்த பின்னரே அவர் யார் என்பது பெரும்பாலான வாசகருக்குத் தெரியவந்தது.

போர், நோய், பேரிடர்

2002இன் இறுதியிலிருந்து பாக்தாதில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் ஒருவர் "சலாம் பாக்ஸ்" என்ற புனைபெயரில் எழுதினார். 2003இல் நகரின்மீது குண்டு வீசப்பட்ட நாட்களில், அங்காடி விலை, மின்வெட்டு, அண்டை வீட்டார் பேச்சு ஆகியவை அவரது பதிவுகளில் இடம்பெற்றன. "ரிவர்பெண்ட்" என்ற புனைபெயருடைய இளம்பெண் 2003 ஆகத்து முதல் எழுதிய பதிவுகள் 2005இல் நூலாயின. 2007இல் அவர் குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேறியதும் அவற்றில் பதிவாகியுள்ளது. 2020இல் கொரோனா தொற்றால் வூகான் நகரம் மூடப்பட்டபோது சீன எழுத்தாளர் ஃபாங் ஃபாங் நாள்தோறும் எழுதிய 60 பதிவுகளும் இவ்வகையின. அவற்றுட் பல தணிக்கையால் நீக்கப்பட்டன. வாசகர் அவற்றைப் படியெடுத்துப் பரப்பினர்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது, இந்தியாவைச் சேர்ந்த பதிவர்கள் சிலர் ஒன்றுகூடி உதவி கோருவோர், காணாமற் போனோர், நிவாரண அமைப்புகள் பற்றிய விவரங்களை ஓரிடத்தில் தொகுத்தனர். தமிழ்நாடு, இலங்கை உள்ளிட்ட கரைகளின் நிலை குறித்து உலகின் பல பகுதிகளிலிருந்தும் தேடியோருக்கு அது ஒரு தகவல் வாயிலாக விளங்கியது.

சமையலும் அன்றாட வாழ்வும்

நியூயார்க் நகரில் எழுத்தராகப் பணிபுரிந்த ஜூலி பவல் 2002இல், ஜூலியா சைல்டின் பிரெஞ்சுச் சமையல் நூலில் உள்ள 524 உணவுகளையும் 365 நாட்களில் சமைப்பதாகக் கூறி எழுதத் தொடங்கினார். அது 2005இல் நூலாகவும் 2009இல் திரைப்படமாகவும் வந்தது. 2012இல் ஸ்காட்லாந்தில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, தன் பள்ளியின் மதிய உணவைப் படமெடுத்து, சுவை, கவளங்களின் எண்ணிக்கை, உடல்நலம் முதலிய அளவுகோல்களால் மதிப்பிட்டு எழுதினாள். உள்ளூராட்சி மன்றம் படமெடுக்கத் தடை விதித்தது. பொதுமக்கள் எதிர்ப்பால் மறுநாளே தடை நீக்கப்பட்டது. அத்தளத்தின் வழியாக, மலாவி நாட்டுப் பள்ளி உணவுத் திட்டத்துக்கு ஓர் இலட்சம் பவுண்டுக்கு மேல் நன்கொடை சேர்ந்தது.

புலனாய்வு

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வேலையின்றி இருந்த எலியட் ஹிக்கின்ஸ் 2012இல், சிரியப் போரில் எடுக்கப்பட்ட நிகழ்படங்களைத் தம் வீட்டிலிருந்தே ஆராய்ந்து, அவற்றில் தெரியும் ஆயுதங்களை அடையாளம் கண்டு எழுதத் தொடங்கினார். அரபு மொழியோ படைப் பயிற்சியோ அவருக்கு இல்லை. நிகழ்படத்தில் காணும் கட்டடங்களைச் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டு இடத்தை உறுதிசெய்யும் முறையை அவர் வளர்த்தார். 2014இல் அவர் நிறுவிய "பெல்லிங்கேட்" இன்று பலர் பணிபுரியும் அமைப்பாகும். தனித்தியங்கும் எழுத்தாகத் தொடங்கிய ஒன்று, வளர்ந்தபின் நிறுவனமாக மாறுவதற்கும் இது சான்று.

தமிழில்

ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே (1991) தமிழ் இடம்பெற்றிருந்தபோதும், கணினிகளில் அது செயற்பட மேலும் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை ஒவ்வொரு தளமும் தனக்கென ஒரு குறியாக்கத்தையும் எழுத்துருவையும் கொண்டிருந்தது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்ப்பக்கம் பொருளற்ற குறிகளாகவே தெரிந்தது. தேடுபொறிகளும் அதனைப் படிக்க இயலவில்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. ஒருங்குறி பரவியதும், ஈ-கலப்பை போன்ற இலவச தட்டச்சு மென்பொருட்கள் கிடைத்ததும், 2003ஆம் ஆண்டுக்குப்பின் தமிழில் எழுதுவோர் தொகை பெருகக் காரணமாயின. 2004இல் தொடங்கப்பட்ட தமிழ்மணம் திரட்டி, சிதறிக் கிடந்த பதிவுகளை ஒரே பக்கத்தில் காட்டியது. வலைப்பதிவு, வலைப்பூ, பதிவர், பின்னூட்டம், திரட்டி ஆகிய சொற்கள் இக்காலத்தில் வழக்கூன்றின.

திரை விமரிசனம், அரசியல், சமையற் குறிப்பு, கணினிப் பாடம், பயணக் குறிப்பு, சிறுகதை, ஊர் நினைவுகள் ஆகியன தமிழில் மிகுதியாக எழுதப்பட்டன. ஈழத்துப் போரும் இடப்பெயர்வும், புலம்பெயர்ந்த நாடுகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தல், சாதி பற்றிய விவாதங்கள் ஆகியவற்றை அவற்றை நேரில் அறிந்தோரே எழுதினர். கணினி நிரலாக்கம் போன்ற துறைகளில் எழுத முற்பட்டோர் கலைச்சொற்களை ஆக்கவேண்டிய தேவையையும் எதிர்கொண்டனர். இலக்கியத்தில் குறிப்பிடத்தக்க முயற்சி, எழுத்தாளர் ஜெயமோகன் மகாபாரதத்தை அடிப்படையாகக் கொண்டு எழுதிய "வெண்முரசு" ஆகும். 2014 சனவரி முதல் 2020 சூலை வரை அவரது தளத்தில் நாளொரு பகுதியாக, 26 நாவல்களாக அது வெளியானது. இவ்வளவு நீண்ட படைப்பை நாள்தோறும் வெளியிட அச்சு இதழ் எதனிலும் இடம் இருந்திருக்காது.

நம்பகத்தன்மை

ஆசிரியர் குழு இல்லாமையால், தவறான தகவலும் சரியான தகவலும் ஒரே தோற்றத்தில் வெளியாகின்றன. மருத்துவம், முதலீடு ஆகிய பொருள்களில் இது நேரடியான தீங்கை விளைவிக்கக்கூடும். மறுபுறம், சிறிய நுணுக்கங்களை அறிந்த பலர் படிப்பதால் பிழைகள் விரைவில் வெளிப்படுவதும் உண்டு. 2004 செப்டம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சி, அமெரிக்க அதிபரின் 1970களின் படைச்சேவை பற்றியன எனச் சில ஆவணங்களை வெளியிட்டது. அவற்றின் எழுத்து வடிவமும் இடைவெளியும் அக்காலத் தட்டச்சுப் பொறிகளைவிடத் தற்காலச் சொற்செயலியை ஒத்திருப்பதைப் பதிவர்கள் சுட்டிக்காட்டினர். ஆவணங்களின் உண்மைத்தன்மையை உறுதிப்படுத்த இயலாது எனக் கூறி அந்நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. எழுத்துருக்களின் வரலாறு என்ற, பயனற்றதாகத் தோன்றும் அறிவே இங்கு பயன்பட்டது.

ஒரு தனியாள் கட்டுரையைப் பயன்படுத்தும் மாணவர் பின்வருவனவற்றைக் கவனித்தல் நன்று: எழுதியவர் அப்பொருளோடு எத்தகைய தொடர்பு உடையவர், சான்றுகளைக் காட்டியுள்ளாரா, சுட்டிக்காட்டப்பட்ட பிழைகளைத் திருத்தி, திருத்தியதைக் குறிப்பிட்டுள்ளாரா, விளம்பரமோ பண உதவியோ பெற்று எழுதியுள்ளாரா.

அச்சுறுத்தல்கள்

பொருளைத் தேர்வதில் தடையின்மை, எழுதியபின் பாதுகாப்பு உண்டு என்பதாகாது. வங்காள மொழியில் அறிவியலும் பகுத்தறிவும் எழுதுவோருக்காக 2001இல் "முக்தோ-மோனா" தளத்தை நிறுவிய அவிஜித் ராய், 2015 பிப்ரவரி 26 அன்று டாக்கா புத்தகக் காட்சியிலிருந்து திரும்பும்போது வெட்டிக் கொல்லப்பட்டார். உடனிருந்த அவரது மனைவி படுகாயமுற்றார். அதே ஆண்டில் வங்காளதேசத்தில் மேலும் சில பதிவர்கள் கொல்லப்பட்டனர். சவூதி அரேபியாவில் 2012இல் கைதான ராயிஃப் பதாவி, 2014இல் பத்தாண்டுச் சிறையும் 1,000 கசையடிகளும் விதிக்கப்பட்டார், 2022இல் விடுதலையானார். மால்டா நாட்டில் ஊழல்களைப் பற்றித் தம் வலைப்பதிவில் எழுதிவந்த இதழாளர் டாஃப்னே கருவானா கலீசியா, 2017 அக்டோபர் 16 அன்று மகிழுந்துக் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். இறக்கும்போது அவர்மீது பல அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. நிறுவனத்தில் பணிபுரியும் செய்தியாளரும் இத்தகைய இடர்களுக்கு உட்படுவதுண்டு. எனினும் தனித்து எழுதுபவர் வழக்குச் செலவையும் தற்காப்பையும் தாமே ஏற்க நேரிடுகிறது.

பேணல்

அச்சிட்ட நூல் ஒன்றின் சில படிகளாவது நூலகங்களில் எஞ்சும். இணைய எழுத்து பெரும்பாலும் ஒரே வழங்கியில் இருப்பதால், அச்சேவை மூடப்பட்டாலோ, எழுதியவர் இறந்து ஆண்டுக் கட்டணம் செலுத்தப்படாவிட்டாலோ, அது முழுமையாக மறைந்துவிடக்கூடும். தனியாள் தளங்களுக்கு 1990களில் பேரிடமாக விளங்கிய ஜியோசிட்டீசை யாகூ நிறுவனம் 2009 அக்டோபரில் மூடியது. டைப்பேட் சேவை 2025 செப்டம்பரில் மூடப்பட்டது. 1996இல் தொடங்கப்பட்ட இணைய ஆவணகம் பல பக்கங்களின் பழைய படிகளைச் சேமித்து வருகிறது. ஆயினும் அதன் தானியங்கி சென்றடையாத பக்கங்களும், படங்களும் ஒலிப்பதிவுகளும் விடுபடுவது உண்டு.

இவ்விழப்பு எல்லாப் பொருள்களையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. பலரும் எழுதும் பொருளில் ஒரு தளம் மறைந்தால் மற்றொன்று எஞ்சும். ஒரு சிற்றூரின் வழக்குச்சொற்கள், மறைந்துவரும் ஒரு கைத்தொழிலின் செய்முறை, ஓர் இடப்பெயர்வின் நாட்குறிப்பு போன்றவற்றை ஒருவரே எழுதியிருப்பின், அத்தளத்தோடு அப்பொருள் பற்றிய எழுத்தும் இல்லாமற் போகும். எனவே, தம் எழுத்தின் படியொன்றை வேறிடத்திலும் சேமித்தல், இணைய ஆவணகத்தில் பக்கங்களைப் பதிவுசெய்தல், மறுபயன்பாட்டுக்கு இசைவு தரும் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் வெளியிடுதல் ஆகியன பரிந்துரைக்கப்படுகின்றன. தமிழில் அச்சு நூல்களுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் தன்னார்வலர்களால் இத்தகைய பணியை மேற்கொண்டுள்ளன. இணையத்திலேயே பிறந்த தமிழ் எழுத்துக்கும் அதே கவனம் தேவைப்படுகிறது.